சோதனை முடிந்த அன்றைக்கே

மகனே, இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் அப்பாவுக்குக்கூடக் காட்டாதே. அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. உன் தாத்தாவுக்கு, அதாவது இப்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிற என் அப்பாவுக்கு, நிச்சயமாகக் காட்டாதே. எனக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். நீ பிறப்பதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. எங்கள் தமிழ் மிஸ் வீட்டுப்பாடமாக, இருபத்தைந்து வருடம் கழித்து உங்கள் மகனுக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்தை இப்போதே எழுதுங்கள் என்று சொன்னார்கள். ஒரு பக்கம்தான். அதைப் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மை பேசு, பெரியவர்களை மதி, செல்போனைக் குறைத்துக்கொள் என்று அதில் உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். மிஸ் 'மிக நன்று' போட்டிருக்கிறார்கள். இது அந்தக் கடிதம் இல்லை. அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். யாராவது வந்து கேட்டால் வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடலாம்.

மணி இரண்டாகப் போகிறது. விடிந்தால் நாலு பேர் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார்கள். ஒரு அம்மா, ஒரு அப்பா, என் வயதில் ஒரு பெண், ஒரு சின்னப் பையன். இலங்கையிலிருந்து படகில் வந்து, இவ்வளவு நாள் மண்டபம் முகாமில் இருந்தவர்கள். அவர்கள் குடியிருப்பதற்காக நாங்கள் பத்து நாளாகப் பெருக்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைப் போட்டது உன் தாத்தா. போட வைத்தது நான். எங்கள் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவரைத் தவிர இது ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். உனக்கு மட்டும்தான் இன்னும் என்மேல் கோபப்படத் தெரியாது.

வீடு எங்களுடையதுதான். இண்டூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சாமந்தித் தோட்டம், அதன் மூலையில் இரண்டு அறை ஓட்டு வீடு. பெரியப்பா ஓசூருக்குப் போனதிலிருந்து அதில் தக்காளிக் கிரேட்டுகளைத்தான் அடுக்கி வைத்திருந்தோம். என் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் இங்கேயே பிறந்தவள். அணைக்கரையில் இருக்கிற அகதி முகாமில் அவள் வீடு. வரப்போவது அவளுடைய சித்தி குடும்பம். அந்த முகாமில் வீடு எதுவும் காலியாக இல்லை. தர்ஷினியின் வீடு ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். வெளியே தங்குவதற்கு அனுமதி வாங்கியாயிற்று, ஆனால் திங்கட்கிழமை அதிகாரி வந்து, குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீடு இல்லை என்றால் மண்டபத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். மகளிர் குழுவில் இருக்கிற ராணி அக்கா இதையெல்லாம் அப்பாவிடம் வந்து சொன்னபோது, அப்பா இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கிரேட்டுக்கு எடமா இல்ல? மனுசங்க இருக்கட்டுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் தாத்தா கல்நெஞ்சுக்காரர் இல்லை.

வேலைக்கு வந்தது நாங்கள் ஐந்தே பேர். ராணி அக்கா, ஆட்டோ ஓட்டுகிற செல்வம் அண்ணன், தர்ஷினி, அவளுடைய அம்மா, நான். பள்ளி விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் யூனிபார்மோடு அங்கேதான் ஓடுவோம். முதல் நாள் கிரேட்டுகளுக்குப் பின்னால் பாம்புச் சட்டை கிடந்தது. செல்வம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ராணி அக்கா, "சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அது எப்பவோ போயிருச்சு, எறங்குடா ஆம்பள" என்று அவரை இழுத்து வந்தார். நான் சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். தர்ஷினியின் அம்மா சமையல் மேடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஒருவர் அண்டா கொண்டுவந்தார், ஒருவர் பாய், ஒருவர் பழைய டேபிள் ஃபேன். அது தலையை ஒரு பக்கம் மட்டும்தான் திருப்பும். "பரவால்ல, அந்தப் பக்கமே எல்லாரையும் படுக்கச் சொல்லிரலாம்" என்றார் செல்வம் அண்ணன்.

தர்ஷினியின் அம்மா பேசுவது எங்கள் பேச்சு மாதிரி இருக்காது. ஒருநாள் காலையில் செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு, "தம்பி, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டிருக்கிறார்கள். கிளம்பியாயிற்றா என்று அர்த்தம். அண்ணனுக்கு அது தெரியாது. "விடியக்காலமே போயிட்டு வந்துட்டேங்க ஆன்ட்டி, இப்ப வயித்துக்குப் பரவால்ல" என்று சொல்லிவிட்டார். இதைத் தர்ஷினி எங்களுக்கு நடித்துக் காட்டியபோது நான் சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துவிடுகிற அளவுக்குச் சிரித்தேன். மகனே, இதைக் கவனி. அவர்கள் சொல்கிற சொல்லும் நாம் சொல்கிற சொல்லும் ஒன்றாக இருந்தாலும் அர்த்தம் வேறாக இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

புதன்கிழமை மாலை தர்ஷினியின் அம்மாவுக்கு மண்டபத்திலிருந்து அவர்கள் தங்கை போன் செய்தார்கள். கையெல்லாம் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார்கள். நான் அடுத்த அறையில் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சித்தி சொன்னது எனக்கு இப்போதும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பிள்ளைக்குச் சோதனை எண்டுதான் அக்கா அவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்டு இருந்தனாங்கள். சோதனை முடிஞ்ச அண்டைக்கே இரவோட இரவா வெளிக்கிட்டிட்டம். பக்கத்து வீட்டுக்கும் சொல்லேல்ல." சொல்லும்போதே அழுதார்கள். இந்தப் பக்கம் தர்ஷினியின் அம்மாவும் அழுதார்கள். நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டு நின்றேன். எனக்குச் சோதனை என்றால் போலீஸ் சோதனைதான். பீரோவைத் திறந்து துணியை வாரிப் போடுவது, ஜீப் வந்து நிற்பது. 'பிள்ளைக்கு' என்ற சொல்லும் என் காதில் விழுந்தது. அது நான் நினைத்த கதையில் பொருந்தவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன். ஒரு பேச்சைக் கேட்டு, நமக்குப் பொருந்தாத சொல்லை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது இருக்கிறதே, அதை நீ செய்யவே செய்யாதே. நாலடி நடந்து போய், ஆன்ட்டி, சோதனைன்னா என்னா என்று கேட்டிருந்தால் இந்த நோட்டில் இவ்வளவு பக்கம் வீணாகியிருக்காது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்கள். "அவங்க எதுக்குத்தான் கடல் தாண்டி வந்தாங்களாம்? வெலவாசி கட்டுப்படி ஆகலன்னா?"

"அது மட்டும் இல்லம்மா. அவங்க வூட்ல சோதனை நடந்துச்சாம். முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ஓடியாந்துட்டாங்களாம். பக்கத்து வூட்டுக்குக்கூட சொல்லல."

அப்பா சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது பாப்பா?"

"அந்தம்மாவே போன்ல சொன்னாங்கப்பா. நான் காதால கேட்டேன்."

"போலீஸ் சோதனையா?"

"பின்ன, வேற என்னா சோதனை?"

அவ்வளவுதான், மகனே. ஓடி வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது என் சொல். போலீஸ் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா கேட்டார், நான் ஆமாம் என்பதை ஒரு கேள்வி மாதிரிச் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். கெடுக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் வீட்டில் நான் பேசினால் யாரும் சாப்பிடுவதை நிறுத்தமாட்டார்கள். அன்றைக்கு நிறுத்தினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை அப்பா பால் ஊற்றப் போனபோது ஏதோ சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, போலீசு தேடுற ஆளுங்களையா குடி வெக்கிறீங்க?" என்றார். மத்தியானம் அது தங்கம் கடத்தினவர்கள் என்று ஆகியிருந்தது. சாயந்திரம் நான் பள்ளியிலிருந்து வருவதற்குள், படகில் ஒரு பை வந்ததாம், அதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லக்கூடப் பயப்படுகிறார்களாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா புதுப் பூட்டு வாங்கி வந்து பூட்டிவிட்டார். ராணி அக்கா ஓடி வந்தார். நான் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, அடிச்ச சுண்ணாம்பு இன்னும் காயல. அதுக்குள்ள பூட்டிட்டீங்களே."

"பூட்டியே காயட்டும்."

"யாரோ வாய்க்கு வந்ததச் சொன்னாங்கன்னு..."

"யாரோ இல்ல ராணி. எம் பொண்ணு காதால கேட்டிருக்கா. எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. எனக்கும் வயசுப் புள்ள இருக்குது. நாளைக்குப் போலீசு வந்து என் தோட்டத்துல நின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

ராணி அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரிப் பார்த்தார். நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவங்க அங்க எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டாங்களாம் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுகூட நான் சொன்னது உண்மை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கணக்கு டெஸ்ட். தர்ஷினி கண் வீங்கி வந்தாள். "யாருடி இப்படிக் கெளப்பிவுட்டது?" என்று என்னிடமே கேட்டாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. தெரியலையே என்று சொன்னேன். அப்புறம் அவள் பேச்சை மாற்றுவதற்காக, "ராத்திரி பூரா தூக்கமில்ல. விடியக்காலம் செத்த கண்ணு அசந்தா, எங்கம்மா 'சோதனை நாளிலயும் என்ன நித்திரை'ன்னு ஒரே கத்து" என்றாள்.

"என்னா நாளு?"

"சோதனை. டெஸ்டுடி. எங்க வூட்ல பரீட்சைய அப்படித்தான் சொல்வாங்க. எங்க சித்தி பொண்ணுகூடப் பாவம், சோதனை முடியட்டும், அப்பத்தான் வருவேன்னு அடம் புடிச்சு எழுதிட்டு, அன்னிக்கு ராத்திரியே போட் ஏறுனா. ரிசல்ட் என்னாச்சுன்னே தெரியாது அவளுக்கு."

எனக்கு அன்று டெஸ்டில் ஒரு கணக்குக்கூட வரவில்லை. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, என்னை மாதிரி ஒரு பெண் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்து, பேனாவை மூடி, வீட்டுக்கு வந்து, எதுவும் சொல்லாமல் படகில் ஏறுவதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்காக ஒரு குடும்பமே அரைப்பட்டினியாகக் காத்திருந்திருக்கிறது. அதைத்தான் நான் போலீஸ் ஜீப்பாக மாற்றி ஊருக்குள் விட்டேன்.

உடனே வந்து அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இரண்டு முறை போனேன். வெள்ளிக்கிழமை அவர் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு முறை, நேற்று மருந்து அடிக்கும்போது ஒரு முறை. இரண்டு முறையும் வேறு எதையோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்பா அடிக்க மாட்டார். என் பயம் அது இல்லை. பெரியப்பா எப்போது வந்தாலும், பன்னிரண்டாவதோடு போதும், ஒரு இடம் பார்த்து முடித்துவிடலாம் என்கிறார். அம்மாவும் தலையாட்டுகிறார்கள். அப்பா ஒருவர்தான், "அவ காலேஜுக்குப் போகட்டும், எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா, நம்பி எங்க வேணாலும் அனுப்பலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாவது முடித்து நான் சேலத்துக்குக் காலேஜ் பஸ் ஏறப்போவது அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். அதை நானே போய் எப்படி உடைப்பது? ராணி அக்காவிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லித்தானே பூட்டைத் திறக்க மறுத்தார்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது மாரி அண்ணன் என்று ஒருவர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தார். ஒருநாள் ஆறு மணிக்கு மோட்டாரை அணைக்க வேண்டியது நான். அம்மாவின் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கிணற்றில் தண்ணீர் வற்றி, மோட்டார் எரிந்துபோய்விட்டது. அப்பா மாரி அண்ணனைக் கேட்டார். "நான் தொடவே இல்லீங்க" என்றார் அவர். "அப்ப அது தானா எரிஞ்சுதா?" என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். மாரி அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்; அவருக்குத் தெரியும். ஆனாலும் சின்னப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போய்விட்டார். அவர் வீடு இன்னும் அப்படியே கிடக்கிறது, வாசலில் எருக்கஞ்செடி இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கு அந்த வழியாகப் போகாமல் சுற்றித்தான் போகிறேன். ஒரு வீட்டை நான் பூட்ட வைப்பது இது இரண்டாவது முறை, மகனே. தப்புச் செய்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை என்று உனக்குச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளாக ஆகத் தப்பு சின்னதாகிவிடும் என்று நான் நினைத்தது மட்டும் பொய். அது அப்படியேதான் இருக்கிறது.

நேற்று சாயந்திரம் அவர்கள் மண்டபத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். தர்ஷினியின் அம்மாவுக்கு அவர்களைத் தடுக்க மனம் வரவில்லை. விடியக்காலம் செல்வம் அண்ணன் ஆட்டோவில் போய்க் கூட்டி வருவார். கூட்டி வந்து எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியாது.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்கெனவே ஒன்று செய்துவிட்டேன். எல்லோரும் படுத்த பிறகு ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: 'அப்பா, அவர்கள் பேச்சில் சோதனை என்றால் பரீட்சை. போலீஸ் வரவே இல்லை. அந்தப் பெண் பத்தாவது பரீட்சை எழுதி முடிப்பதற்காகக் காத்திருந்து வந்தார்கள். நான் கேட்காமல் சொல்லிவிட்டேன். போலீஸ் என்று ஆக்கியது நான்தான். மோட்டாரை அணைக்காமல் விட்டதும் நான்தான், மாரி அண்ணன் இல்லை.' கடைசி வரியை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, கை எழுதிவிட்டது. அந்தத் தாளை மடித்து, அப்பாவின் தலைமாட்டில் இருக்கிற போனுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றரைக்கு அவர் பூ மார்க்கெட்டுக்குப் போக அலாரம் அடிக்கும். அதை நிறுத்த வேண்டுமானால் போனை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உனக்கு இந்தக் கடிதத்தை ஏன் எழுதுகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். எழுதிக்கொண்டிருந்தால் எழுந்து போய் அந்தத் தாளை எடுத்துவிட மாட்டேன். நடுவில் ஒரு முறை போனேன். மோட்டார் என்று எழுதின வரியை மட்டுமாவது கிழித்துவிடலாம் என்று கையைக்கூட நீட்டினேன். அப்பா புரண்டு படுத்தார். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், கைவிரலெல்லாம் சாமந்திச் சாறு கறுத்துப் போய். வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். நீ என்னோடு பேசிக்கொண்டிரு. உனக்குக் கணக்கு வருமா? எனக்கு வராது. உனக்கு நான் என்ன பெயர் வைப்பேன் என்று தெரியவில்லை. நீ என்னிடம் வந்து எதையாவது ஒப்புக்கொள்ளும்போது நான் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைக்கே யோசித்து வைத்திருக்கிறேன். அதை நான் மறந்துவிட்டால் இந்தப் பக்கத்தை எடுத்து வந்து எனக்குக் காட்டு. எனக்கு மட்டும் காட்டலாம்.

அலாரம் அடிக்கிறது.

நின்றுவிட்டது. கட்டில் சத்தம். லைட் போட்டுவிட்டார், என் கதவுக்குக் கீழே வெளிச்சம் வருகிறது. அப்பா எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், உதட்டை அசைத்து, மெதுவாக. இங்கே கேட்கிறது. 'அவர்கள் பேச்சில்' என்று படிக்கிறார். திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறார். அம்மா எழுந்துவிட்டார்கள். "என்னாங்க, பூ மூட்டை கட்டலையா? என்னா பேப்பரு அது?" அவர் மேலே படிக்கிறார். மாரி என்ற பெயர் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆணியிலிருந்து சாவிக் கொத்தை எடுக்கிறார். பைக் சாவியும் அதில்தான் இருக்கிறது, அந்த வீட்டுச் சாவியும் அதில்தான் இருக்கிறது. எதற்கு எடுக்கிறார் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டார். வாசல் பக்கம் போகவில்லை. இங்கேதான் வருகிறார். அப்பா என் கதவை ஒருநாளும் தட்டியதில்லை, தூரத்திலிருந்து பாப்பா என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். இப்போது தட்டுகிறார். மகனே, தட்டுகிறார், நான் போய்க் கதவைத்